கங்கம்மா சொன்ன பெயர்

"மொதல்ல புருஷன் பேரைச் சொல்லச் சொல்லுங்க சார். அப்புறம் சீட்டுக் குடுங்க!"

மிராசுதாரின் ஏஜெண்ட் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான்.

1955-ஆம் வருஷம். ஆரம்பாக்கம் சாவடியில் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல். மிராசுதாரை எதிர்த்து மருத்துவச்சி ஆரோக்கியமேரி நிற்கிறாள். அவள் பக்கம் ஏஜெண்டாக உட்கார ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

மேசை முன்னால் கங்கம்மா. வாசலுக்கு வெளியே, அவளுக்குப் பின்னால் இருபது பெண்கள்.

திருவள்ளூரிலிருந்து வந்திருந்த அதிகாரி துளசிராமன் பட்டியலில் விரல் வைத்தார். "கங்கம்மா, வயசு முப்பத்திரண்டு. சரி. வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

கங்கம்மா வாய் திறக்கவில்லை.

"பாத்தீங்களா? ஆள்மாறாட்டம் சார் இது. இந்தம்மாவை நான் இந்த ஊர்லயே பாத்தது இல்ல!"

கங்கம்மா அவனை இமைக்காமல் பார்த்தாள். அவன் மத்தியானம்தான் மாற்று ஏஜெண்டாக வந்து உட்கார்ந்தவன். அவன் நீட்டிய நியமனச் சீட்டைத் துளசிராமன் மடிப்புக்கூடப் பிரிக்காமல் மைக்கூட்டுக்கு அடியில் வைத்திருந்தார். அவன் வந்த பிறகு இரண்டு பெண்கள் இதே கேள்விக்குப் பதில் சொல்லமாட்டாமல் திரும்பிப் போயிருந்தார்கள்.

"அந்தப் பேரை நான் எப்படி சார் சொல்றது? வெள்ளைக்காரனை இன்னான்னு கூப்புடுவாங்க? அதுக்கு முன்னால சின்னன்னு போட்டுக்குங்க."

துளசிராமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏஜெண்ட் சிரிக்கவில்லை.

"விடுகதை போட்டா ஓட்டா? வாயால சொல்லணும்!"

"ஆட்சேபணை வந்துடுச்சும்மா. நீயே சொன்னாத்தான் உண்டு" என்றார் துளசிராமன்.

"நான் சொல்றேன் சார்!" வாசலில் முதல் ஆளாக நின்ற குல்சும் தலையை நீட்டினாள்.

"அடுத்தவங்க சொல்லக் கூடாது. வெளியில நில்லுங்க" என்று அவரே தடுத்தார்.

குல்சும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஏஜெண்ட் குரலைத் தணித்தான். "நல்ல பொம்பளை எவளாச்சும் புருஷன் பேரைச் சொல்லுவாளா? அவன் ஆயுசுல்ல கொறையும்! பேஜார் பண்ணாம ஊட்டுக்குப் போம்மா. நீ போடலேன்னு விளக்குப் பெட்டி ஒண்ணும் அழாது."

விளக்கு ஆரோக்கியமேரியின் சின்னம்; அந்தப் படம் ஒட்டிய பெட்டியில் விழும் சீட்டு அவளுக்கு. ஜெயித்தால் பெண் பிள்ளைகளுக்கு எட்டாவது வரை பள்ளிக்கூடம் கொண்டுவருவதாக அவள் தெருத்தெருவாகச் சொல்லியிருந்தாள். கங்கம்மாவின் மகள் செல்வி ஐந்தாவதோடு நின்று, மிராசுதார் வீட்டுக் கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருக்கிறாள்.

கங்கம்மா திரும்பி வாசலைப் பார்த்தாள். தான் போனால் அந்த இருபது பேரும் போய்விடுவார்கள்.

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கேட்டுக்குங்க சார். சின்னதுரை! முனுசாமி மவன் சின்னதுரை!"

சாவடி மூலைவரை கேட்டது.

"சொல்லிட்டேன். இப்ப யாரு ஆயுசு கொறைஞ்சிபோச்சு?"

ஏஜெண்ட் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான்.

பட்டியலிலும் அதே பெயர்தான் இருந்தது. துளசிராமன் அவள் விரலில் மை வைத்துச் சீட்டை நீட்டினார். கங்கம்மா தட்டி மறைப்புக்குள் போனாள். நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தாள்.

அதற்குள் குல்சும் மேசைக்கு வந்துவிட்டாள். "ஹபிபுல்லா! எம் புருஷன் பேரு ஹபிபுல்லா சார்!" கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள். வரிசையில் "கோபால்!" என்றது ஒரு குரல், "ஜோசப்!" என்றது இன்னொன்று. ஒவ்வொருத்தியும் சொல்லிப் பார்த்து, வெட்கப்பட்டு, மறுபடி உரக்கச் சொன்னாள். திரும்பிப் போன இரண்டு பேரைக் கூட்டிவர ஒருத்தி ஓடினாள்.

கங்கம்மா நிலைப்படியில் நின்று ஏஜெண்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"கருவாட்டுக் கொழம்பு வச்சு உறியில மாட்டிக்கீறேன். ஓட்டு முடிஞ்சதும் நேரா ஊட்டுக்கு வந்து துன்னு, சின்னதுரை!"