வான்கப்பலுக்கு ஓர் ஒட்டு

"ஊசிய இன்னும் நெருக்கமா விடுங்கக்கா. ஊரு உசிரே அந்தத் தையல்லதான் தொங்குது" என்றான் மீசைக்கார சார்ஜண்ட்.

கூடாரக்கடை அக்கா மெஷினை மிதித்தாள். பட்டாளத்துக் கூடாரத்துக்கே ஒற்றைத் தையலோடு நிறுத்திக்கொள்கிறவள் அவள். இந்த ஒட்டுக்கு இரட்டைத் தையல், அதுவும் கடையிலேயே உசத்தியான நூலில்.

வெளியே நடுப்பகலிலும் தெரு மங்கிக் கிடந்தது. கிளம்ப மனசில்லாத விருந்தாளி மாதிரி, வான்கப்பல் மாசக்கணக்காய் ஊரின் தலைக்கு மேலேயே நின்றது. வயிற்றுக்குள் அணு உலை. எரிபொருளுக்கென்று இறங்கும் வேலையே இல்லை. சனங்களுக்கும் பழகிவிட்டது. அதன் நிழல் விழாத பக்கமாய்ப் பார்த்துத் துணி காயப்போட்டார்கள்.

நேற்றடித்த காற்றில், கப்பலை மிதக்கவைக்கும் வாயுப்பையின் விலாத்துணி கிழிந்துவிட்டது. மாதிரித் துணி காலையில்தான் கயிற்றில் இறங்கி வந்தது. சாயங்காலம் மறுபடி காற்று வருமாம்.

"ஓரத்துல நம்ம கொடிய சின்னதாத் தைச்சு விடட்டா?"

"ஐயோ, வேணாங்கக்கா. வெறும் சாம்பல் துணி போதும்."

"கொடிக்குக் காசு வாங்க மாட்டேன்யா."

"நீங்க காசு குடுத்தாலும் வேணாம்."

மூலையில் அக்காவின் மகன் சுவரை வெறித்தபடி உட்கார்ந்திருந்தான். பீரங்கிக்காரன். கப்பல் வந்த அன்றே அவனுடைய பீரங்கியின் வாய்க்கு உறை மாட்டியாகிவிட்டது. ஊருக்குள் ஒரு வேட்டுகூடக் கூடாது என்று உத்தரவு. தப்பித்தவறி அந்த உலை கீழே விழுந்தால், அப்புறம் இந்த மண்ணில் புல்லும் முளைக்காது.

சார்ஜண்ட் ஒட்டை வாங்கி, புடவைக்கடைக்கு வந்தவன் போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நான்கு பக்கமும் இழுத்தான்.

"தாங்குமா?"

"என் தையல் பிரிஞ்சுதுன்னு எவனாவது வந்து நின்னிருக்கானா?"

அவன் தலையாட்டிவிட்டு, கயிறு தொங்கும் மைதானத்துக்கு ஓட்டமும் நடையுமாய்ப் போனான்.

மகன் மெஷினருகே வந்தான். காலியாகிவிட்ட நூல்கண்டை எடுத்துப் பார்த்தான். "ஏம்மா, இதுக்குப் போயி இவ்வளவு நல்ல நூலா?"

அக்கா ஊசியைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினாள்.

"எதிரியோட கப்பலா இருந்தா என்னடா? விழப்போறது நம்ம தலையிலதானே."