சாயங்காலக் காய்ச்சல்

"இன்னிக்கும் நூத்தி ரெண்டு, டாக்டர்!" நர்ஸ் ஜாய்ஸ் உதட்டைப் பிதுக்கினாள்.

டாக்டர் வேட் தலையில் கை வைத்துக்கொண்டார். நிமோனியாவோடு வந்த ஆர்விட் மாக்கிக்கு நெஞ்சுச் சளி போய்விட்டது. ஆனால் சாயங்காலமானால் காய்ச்சல் மட்டும் தவறாமல் ஆஜர்.

கிருமியா? ரத்தம், சிறுநீர், சளி எதிலும் இல்லை. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ? அதையும் நிறுத்திப் பார்த்தாயிற்று. காலில் ரத்தக்கட்டு? ஸ்கேன் சுத்தம். எதையோ கோட்டை விடுகிறோமோ, ஆள் கையை விட்டுப் போய்விடுவாரோ என்று வேட்டுக்குத் தூக்கமே போய்விட்டது.

"வீட்டுக்குப் போகப் பிடிக்காம நடிக்கிறாரோ?"

"அவரா? தினம் என் உயிரை வாங்குறார் ஜாய்ஸ்!"

உண்மைதான். "ஏன் டாக்டர், உலகத்துல உள்ள டெஸ்டையெல்லாம் என்னை வச்சுத்தான் பழகிக்கிறீங்களா? எப்ப விடுவீங்க?" என்று கிழவர் பாடாய்ப் படுத்துகிறார்.

மறுநாள் சாயங்காலம் நர்ஸுக்கு முன்பே வேட் தானே போனார். ஆர்விடின் மனைவி லெம்பி பிளாஸ்கிலிருந்து ஆவி பறக்கக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். காபி இல்லாவிட்டால் இந்த ஃபின்லாந்துக்காரர்களுக்குச் சாயங்காலமே கிடையாது.

கிழவர் அதைக் குடிப்பதற்குள் வேட் அவர் வாயில் தெர்மாமீட்டரை வைத்தார். காய்ச்சலே இல்லை!

வேட் காபியைப் பார்த்தார். லெம்பியைப் பார்த்தார்.

"அம்மா, கொஞ்சம் வெளிய வாங்க."

வராந்தாவில் வெடித்தார். "சூடா காபி குடிச்ச வாயில வச்சா நூத்தி ரெண்டு காட்டாம என்ன செய்யும்? நர்ஸ் வர்ற நேரம் பார்த்து ஊத்திக் குடுக்குறீங்க! உங்க புருஷன் செத்துப்போயிடுவாரோன்னு நான் பயந்தேனே! நாளைக்கே கூட்டிட்டுப் போங்க!"

லெம்பி கோட்டுப் பொத்தானைத் திருகினாள்.

"தப்புதான் டாக்டர். வீட்டைச் சூடாக்குற ஹீட்டர் செத்துப்போச்சு. வெள்ளிக்கிழமைதான் ஆள் வர்றான். குழாய்த் தண்ணிகூட உறைஞ்சு கிடக்கு. இப்பத்தான் தேறின நெஞ்சு, அந்தக் குளிரைத் தாங்குமா? அவருக்குத் தெரிஞ்சா, நான் அங்க தனியா கிடக்கேன்னு இப்பவே எழுந்து வந்துடுவார்."

வேட் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

ஜாய்ஸ் தெர்மாமீட்டரோடு வந்தாள். "டெம்பரேச்சர் பார்த்துடவா, டாக்டர்?"

"என்ன அவசரம் ஜாய்ஸ்? அவர் முதல்ல காபியைச் சூடா குடிச்சு முடிக்கட்டும்!"