ஷாகிருக்கு ஒரு வரிசை

“அந்த ஷாகிரோட ஜனாஸாத் தொழுகைக்கு நான் வரணுமா? பட்டப்பகல்ல, இத்தனை கடைக்காரங்க பார்க்க என் கன்னத்துல அறைஞ்சவன் அண்ணே அவன்!”

காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்த வெஹ்பி கரண்டியை ஓங்கியபடியே கத்தினான். வாசலில் நின்ற ஆலிவ் கடை நெஜ்மி நகரவில்லை.

“ஹிஸார் மசூதி முற்றத்துல, கல்லு மேல அவன் சவப்பெட்டி கிடக்கு. பக்கத்துல அவன் பெண்டாட்டி மட்டும். மதியத் தொழுகை முடிஞ்சதும் அவனுக்காகத் தொழணும். பின்னால வரிசையில நிக்க ஆள் இல்லை, வெஹ்பி.”

“உசுரோட இருந்தப்ப யாரை மதிச்சான்? துறைமுகத்துச் சரக்கை ஏத்திக்கிட்டு, குடிச்சுட்டு இந்தச் சந்துல வண்டியை விரட்டுவான். ஏன்டான்னு கேட்டா அடி. இப்ப இமாம், ‘இவரை மன்னிச்சீங்களா’ன்னு கேட்பாரு. என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“பொய் வேண்டாம். மன்னிச்சுட்டே சொல்லு. நாம இங்க மன்னிக்காம விட்டதெல்லாம் அங்க அவன் தலைமேல சுமையா ஏறும்.”

“ஏறட்டுமே!” என்றவன் சட்டென்று குரலைத் தாழ்த்தினான். “உங்க பையன் இல்கர் மேல வண்டியை ஏத்திக் கொன்னவனே அவன்தானே அண்ணே. நீங்களா வந்து இதைக் கேக்கறீங்க?”

நெஜ்மி உப்புநீரில் ஊறிய கைகளை முன்துணியில் துடைத்துக்கொண்டார்.

“பிள்ளையைப் பறிகொடுத்த நானே வந்து கேக்கறேன். ஒரு அறை வாங்கின உனக்கு என்னடா?”

வெஹ்பி அடுப்பை அணைத்தான்.

காலையிலிருந்து நெஜ்மி கடை கடையாக ஏறி இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். வியாபார நேரத்தில் கல்லாவை விட்டு எழுந்திருக்க எங்கள் கடைத்தெருக்காரர்களுக்கு மனசே வராது. அன்றைக்கு எழுந்தார்கள். செருப்புக்கடைக்காரர், மீன்கடைக்காரர், ஷாகிர் வண்டி மோதிப் பாதிக் கடையை இழந்த பானைக்காரர்கூடக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நெஜ்மி மாதிரி மனசு யாருக்கு வரும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள்.

மதியத் தொழுகை முடிந்ததும் முற்றம் நிறைந்து, கூட்டம் சந்துவரை நின்றது. அதைப் பார்த்த ஷாகிரின் மனைவி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முதல் வரிசையில் நெஜ்மி. அவர் தோளை ஒட்டி வெஹ்பி.

பெட்டியின் அருகிலிருந்து இமாம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“இவர் உங்களுக்குச் செய்ததையெல்லாம் மன்னித்தீர்களா?”

“மன்னித்தோம்!” சத்தத்தில் மாடத்துப் புறாக்கள் எழும்பிப் பறந்தன.

வழக்கப்படி இன்னும் இருமுறை கேட்டார். மூன்றாவது முறை வெஹ்பியும் உரக்கச் சொன்னான். ஒரு அறையை இத்தனை நாள் சுமந்தோமே என்று வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினான்.

நெஜ்மியின் உதடுகள் இறுக மூடியிருந்தன.

“அண்ணே... நீங்க சொல்லவே இல்லையே?”

நெஜ்மி பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இத்தனை வருஷமா முயற்சி பண்றேன், வர மாட்டேங்குதுடா. அதான் உங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்தேன். என் ஒருத்தன் சுமையே அவனுக்கு ஜாஸ்தி.”