அக்கம்பக்கத்துக்கு ஐந்து துண்டு

“இவளுக்கு மறை கழண்டுகிட்டு வருது, ஒனோதெரா சார்!” என்றார் குவபாரா. பக்கத்திலேயே உட்கார்ந்து அவருடைய மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள் மனைவி யாசுயோ. “பெட்டியில என்ன கொண்டுவந்திருக்கான்னு கேளுங்க. துண்டு! அழகா காகிதம் சுத்தின அஞ்சு புதுத் துண்டு!”

எதிரே உட்கார்ந்திருந்த ஒனோதெரா பல் மருத்துவர். கப்பலில் ஏறிய நாளிலிருந்து இந்த மேஜையில் மாட்டிக்கொண்டு முழிப்பவர். “யாருக்கும்மா துண்டு?” என்று மெல்லக் கேட்டார்.

“அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்களுக்குங்க” என்றாள் யாசுயோ, தலை நிமிராமல்.

குவபாரா மேஜையைத் தட்டிச் சிரித்தார். “ஊருக்குப் போறவங்க அங்கேயிருந்து இனிப்போ நண்டோ வாங்கிட்டு வந்து கொடுப்பாங்க. இவ யோகோஹாமாவுல துண்டு வாங்கி, அதைக் கப்பல்ல ஏத்தி, அலாஸ்காவைச் சுத்திக் காட்டி, மறுபடி யோகோஹாமாவுக்கே கொண்டுபோறா! போன வருஷம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவன் வழக்கப்படி வீடு வீடாக் கொடுத்த துண்டுலயே நான் கார் துடைச்சுகிட்டிருக்கேன்.”

சன்னலுக்கு வெளியே குஷிரோ துறைமுகம் பனிமூட்டத்திலிருந்து எட்டிப் பார்த்தது. ஜப்பானில் இதுதான் கடைசி நிறுத்தம். சாயங்காலம் கிளம்பினால் அடுத்த கரை அலாஸ்காதான்.

குவபாரா காப்பீட்டுக் கம்பெனியில் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றது கம்பெனிக்குத் தெரியும், அவருக்குத்தான் இன்னும் தெரியவில்லை. வீட்டில் அவருக்குக் கீழே மிச்சமிருந்த ஒரே ஊழியர் யாசுயோ. அந்த ஊழியரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. “ஓய்” என்றால் தேநீர். இன்னும் உரக்க “ஓய்” என்றால் குளிக்க வெந்நீர்.

அன்று இரவு கேப்டன் விருந்து. கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆன தம்பதிகளை மேடையேற்றிப் படம் எடுப்பார்கள். ‘எனக்காக உழைத்தவளுக்கு என் பரிசு இந்தப் பயணம்’ என்று குவபாரா ஒரு பேச்சு தயார் செய்து, கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகையும் பார்த்துவிட்டார். கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் படம் அனுப்புவதாக வேறு வாய்விட்டிருந்தார். பக்கத்தில் மனைவி நிற்காவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

“மேல் இழுப்பறையில பனியன். கீழ் இழுப்பறையில காலுறை” என்றாள் யாசுயோ திடீரென்று.

“எந்த இழுப்பறை?”

“நம்ம வீட்டுல இருக்கிறதுதாங்க.”

“பாத்தீங்களா?” குவபாரா ஒனோதெராவைப் பார்த்து, தன் நெற்றியோரம் விரலைச் சுழற்றிக் காட்டினார். “கப்பல்ல உட்கார்ந்துகிட்டு வீட்டு இழுப்பறையைப் பத்திப் பேசுறா!”

யாசுயோ முள் எடுத்த மீனை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு, ஊர் பார்த்துவிட்டு வருவதாக எழுந்தாள்.

“ஊர் பார்க்கப் பெட்டி எதுக்கு?”

“துண்டு இருக்குதுங்க.”

“அதுங்களுக்கும் ஊரைச் சுத்திக் காட்டப்போறியா? சரி சரி, நேரத்தோட வந்து சேரு. எனக்கு டை கட்டிவிடணும்.”

அவள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கரையில் பள்ளிப் பிள்ளைகளின் வாத்தியக் குழு வழியனுப்பு இசையைத் தொடங்கிவிட்டது. குவபாரா கையில் டையுடன் மேல் தளத்தில் அலைந்தார். எதிரே வந்த கப்பல் அதிகாரியை மறித்தார்.

“என் சம்சாரத்தைக் காணோம். அவளுக்குப் புத்தி சரியில்லப்பா. எங்கேயாவது வழி தெரியாம நிப்பா. கப்பலை நிறுத்து!”

அதிகாரி உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து பணிவாகக் குனிந்தார். “கவலைப்படாதீங்க ஐயா. ஏற வேண்டியவங்க எல்லாரும் ஏறியாச்சு.”

குவபாராவுக்கு உயிர் வந்தது. விருந்துக்குத் தலை அலங்காரம் செய்துகொள்ளப் போயிருப்பாள், வரட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவியபடி, “ஓய்!” என்று தளமே அதிரக் கூப்பிட்டார். நாலைந்து மனைவிமார்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய மனைவி மட்டும் அதில் இல்லை.

கப்பல் நகரத் தொடங்கியது. எல்லோரும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வண்ணக் காகிதச் சுருள்களைக் கரைக்கு வீசினார்கள். குவபாரா மட்டும் சும்மா நின்றால் கௌரவம் என்னாவது? அவரும் ஒரு சிவப்புச் சுருளை வாங்கி வீசினார். கரையில் ஒரு கை அதன் மறுமுனையை எடுத்துப் பிடித்துக்கொண்டது.

யாரென்று எட்டிப் பார்த்தார். யாசுயோ! சக்கரப் பெட்டியைக் காணோம். பகல் முழுக்க எங்கேயோ உட்கார்ந்து ஓய்வெடுத்தவள் மாதிரி முகம் தெளிவாக இருந்தது.

“ஓய்! அங்க என்ன பண்றே? கப்பல் இருக்கிற இடத்தையே மறந்துட்டியா? பெட்டி எங்கே? எனக்கு யார் டை கட்டுறது?”

காகிதம் விறைத்து, நடுவில் அறுந்தது. வாத்தியம் ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்காமல் இருந்த நேரம் அது. அதனால் யாசுயோ சொன்னது மேல் தளம் முழுவதற்குமே கேட்டது.

“மறக்கலைங்க! புதுசா குடிவந்திருக்கேன்னு அக்கம்பக்கத்துல துண்டு கொடுத்துட்டு வந்தேன்!”