வெளியே இழுத்த கம்பி

"கியர் பாக்ஸ் போச்சு, டெல்பர்ட். புதுசு வர மூணு வாரம் ஆகும்."

மெக்கானிக் வெண்டல் அப்பாவிடம் இப்படிச் சொன்னதும் ராய்ஸுக்குச் சுருக்கென்றது. ஏறி உட்கார்ந்து ஓட்டும் அந்தப் புல்வெட்டி வண்டியின் எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. பிளேடும் சுழன்றது. சக்கரம் மட்டும்தான் அசையவில்லை.

அப்பா நம்பிவிட்டார். தலையை ஆட்டிக்கொண்டே காபி எடுத்துவர உள்ளே போனார்.

கதவில் டவுன்ஷிப் நிர்வாகம் ஒட்டிய நோட்டீஸ் தொங்கியது. புல் ஒரு சாண் தாண்டிவிட்டதாம். வெட்ட ஒரு வாரம் கெடு.

ராய்ஸ் வண்டிக்குப் பின்னால் குனிந்தான். நினைத்தது சரி. சக்கரத்தை விடுவிக்கும் கம்பி வெளியே இழுபட்டிருந்தது. வெண்டல் பக்கம் திரும்பினான்.

"என்னைக் கேனையன்னு நினைச்சீங்களா? எஞ்சின் பெல்ட்டைச் சுத்துது. பெல்ட் பம்பைச் சுத்துது. பம்பு தள்ளுற எண்ணெயிலதான் சக்கரமே ஓடுது. இந்தக் கம்பியை இழுத்துவிட்டா எண்ணெய் வேற வழியாப் போயிடும். உள்ள தள்ளினா வண்டி ஓடும். இதுக்கு மூணு வாரமா?"

"மெதுவாப் பேசு தம்பி."

"ஏன்? எழுபத்தெட்டு வயசு மனுஷனை ஏமாத்த வெக்கமா இல்ல? அவர் வரட்டும். கண்ணு முன்னாடியே தள்ளிக் காட்டறேன்."

கம்பியில் கை வைத்தான்.

வெண்டல் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். "வேணாம். ரெண்டு தடவை நானே இதை உள்ள தள்ளிட்டுப் போனேன். இது மூணாவது."

"மூணாவதா?"

"அது தானா வெளிய வராது. குனிஞ்சு, ஓங்கி இழுத்து, கொக்கியில மாட்டணும். இந்த வீட்டுல உங்கப்பாவைத் தவிர யார் இருக்கா?"

ராய்ஸ் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"மே மாசம் குளத்துச் சரிவுல வண்டி சறுக்கிடுச்சு. இன்னும் ஒரு அடி நகர்ந்திருந்தா தண்ணிக்குள்ள. நான்தான் கயிறு கட்டி இழுத்தேன். அப்புறம் அரை மணி நேரம் கரையிலேயே உக்காந்துட்டார். உங்கிட்ட சொன்னாரா?"

சொல்லவில்லை. மே மாதம் ராய்ஸ் இந்தப் பக்கமே வரவில்லை.

"நாப்பது வருஷம் டிராக்டர் ஓட்டினவர்ப்பா. இனி ஓட்டப் பயமா இருக்குன்னு வாய்விட்டுச் சொல்வாரா?"

கதவு திறந்தது. மூன்று கோப்பைகளோடு அப்பா படியில் நின்றார். அவர் பார்வை மகனின் கையிலேயே இருந்தது.

"என்னடா, ஏதாவது தெரியுதா?"

ராய்ஸ் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

"கியர் பாக்ஸ்தாம்ப்பா. சுத்தமாப் போச்சு. சனிக்கிழமை சனிக்கிழமை என் வண்டியைக் கொண்டுவந்து நானே வெட்டறேன்."

அப்பா படியிறங்கி வந்து முதல் கோப்பையை அவனிடம் நீட்டினார்.

"அந்தக் குளத்துப் பக்கம் மட்டும் பார்த்து ஓட்டுடா."