வெள்ளிக்கிழமைக்குள்

“கூட்டிட்டு வர வேண்டாங்க மேடம். நான் போய்ப் பார்க்க உட்டாப் போதுமுங்க.”

வக்கீல் அறிவுச்செல்விக்கு எரிச்சலாக வந்தது. நாமக்கல்லில் பல வருஷமாகக் குடும்ப வழக்குகள் நடத்துகிறவர். பிள்ளையைக் கொடு என்று கோர்ட் வராந்தாவில் புரண்டு அழுத தாய்மார்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். விவாகரத்து கேட்டு வந்துவிட்டு, பிள்ளை அங்கேயே இருக்கட்டும் என்கிற தாயை இப்போதுதான் பார்க்கிறார்.

“குழந்தைக்கு என்ன வயசு?”

“நாலுங்க. யாழினின்னு பேரு.”

“அஞ்சு வயசுக்குள்ளன்னா பொதுவா அம்மாகிட்டதான் கொடுப்பாங்க, மலர்விழி. தைரியமாக் கேட்கலாம். இப்ப எங்க இருக்கா?”

“அவங்க தோட்டத்துலதானுங்க. திருச்செங்கோட்டுக்கு இந்தப் பக்கம்.”

பெரிய தோட்டம், ஆள் அம்பு, வசதி. வக்கீலுக்கு விஷயம் புரிந்த மாதிரி இருந்தது.

“அப்படி என்னதான் சண்டை உங்களுக்குள்ள?”

மலர்விழி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். “பாப்பாவுக்குக் காச்சல் வந்தப்ப ஆரம்பிச்சதுங்க. நான் சரியாப் பார்க்கலைன்னு அவரு சொன்னாரு. போர் போடற ரிக் வண்டியே கதின்னு நீங்க வடக்க போய்க் கெடந்தீங்கன்னு நான் சொன்னேன். அதுக்கப்புறம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்க முடியலைங்க.”

“இதெல்லாம் ஒரு காரணமா? எந்த வீட்டுல குழந்தைக்குக் காய்ச்சல் வரலை?”

அவள் தலைப்பை இன்னும் இறுக்கிச் சுற்றினாள்.

“சரி, சனிக்கிழமை தோறும் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லிக் கேட்போம். அங்கயே பார்த்துக்கலாம்.”

“அதெல்லாம் முடியாதுங்க. நாந்தான் போவோணும். அமாவாசைக்கு அமாவாசை உட்டாப் போதும். ஆனா இந்த வெள்ளிக்கெழமைக்குள்ள உத்தரவு வாங்கோணுமுங்க. அன்னைக்குக் கோழிப்பண்ணை ஷெட்டுக்குக் கடக்கால் பறிக்கறாங்களாமா.”

“அவங்க அஸ்திவாரம் தோண்டினா உனக்கென்ன? மாசத்துக்கு ஒரே ஒரு நாள் போதுங்கறே. பெத்தவதானே நீ? வசதியான வீட்டுல வளரட்டும்னு கை கழுவிட்டியா?”

மலர்விழி வாயைத் திறந்தாள். கண்ணீர்தான் வந்தது.

நமக்கேன் வம்பு என்று விடுகிற ஆள் இல்லை அறிவுச்செல்வி. நம்பரை வாங்கி, அங்கேயே அவள் கணவன் கலையரசனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினார்.

“வேண்டாங்க மேடம், அவரத் திட்டாதீங்க!” மலர்விழி எழுந்தே விட்டாள்.

“நீ உட்காரும்மா. ஹலோ, கலையரசனா? உங்க மனைவியோட வக்கீல் பேசறேன். பச்சைக் குழந்தையைத் தாய்கிட்டேருந்து பிரிச்சு வெச்சுக்கிட்டு, பார்க்கக்கூட விடமாட்டீங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள யாழினி இங்க வந்தாகணும். இல்லேன்னா போலீசோட தோட்டத்துக்கே வருவேன்!”

அந்தப் பக்கம் ஓர் ஆண் அழுவது கேட்டது.

“மலர்விழி வந்தா நான் தடுக்க மாட்டனுங்க மேடம். தோட்டம் எங்கப்பாரு பேர்ல இருக்குது. அவருதான் உட மாட்டேங்கறாரு. ஷெட்டப் பத்தடி தள்ளிப் போடுங்கன்னு அவரு காலக்கூடப் புடிச்சுப் பார்த்துட்டேன், கேக்கலைங்க. எம் பாப்பாவப் பொதச்ச எடத்துலயேதானுங்க கடக்கால் பறிக்கச் சொல்லியிருக்காரு.”