கை நழுவிய செய்தி

"அக்கா, குருவி பேசினான். அவன் போயிருக்கிற ஊர் அணையில பெரிய விரிசலாம்! அங்க அதிகாரிங்க வெளிய தெரியாம அமுக்குறாங்களாம். செய்தியை அடிச்சு முடிச்சிட்டேன். ஏத்திடவா?"

துணை ஆசிரியருக்குக் கை பரபரத்தது. இணையச் செய்தித் தளத்தில், அதுவும் உலகச் செய்திப் பிரிவில், இப்படி ஒன்று சிக்குவது லேசில்லை.

செய்தி ஆசிரியை திரையைப் பார்த்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

"ஏத்தாதே. அழிச்சிடு."

"என்னக்கா இது! நம்ம நிருபர் நேர்ல பார்த்த செய்தி. வேற எந்தத் தளத்துக்கும் அந்த ஊர்ல ஆளே கிடையாது!"

"தெரியும். அழி."

சொல்லிவிட்டுக் கைப்பேசியோடு மாடிப்படிப் பக்கம் போய்விட்டார்.

துணை ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தார். ஒரு நாட்டில் உட்காராமல் பறந்துகொண்டே இருப்பதால்தான் அந்த நிருபருக்குக் குருவி என்று பெயர். உயிரைக் கொடுத்து வேலை செய்கிறவன்.

"அவனுக்குப் பேர் வந்துடும்னு வயித்தெரிச்சல்!" என்றார், பக்கத்து மேஜையில் இருந்த படப்பிரிவுக்காரரிடம்.

"நமக்கெதுக்கு வம்பு?" என்றவரே சற்று நேரத்தில் கத்தினார்.

"போச்சு சார்! போட்டித் தளத்துல வந்துடுச்சு. படத்தோட!"

அணைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஓடிய விரிசல். கொட்டை எழுத்தில் தலைப்பு. நிருபர் பெயர் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலகம் முழுக்கப் பரவியது.

துணை ஆசிரியர் நேராக முதலாளி அறைக்குப் போனார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

முதலாளி வெளியே வந்தார்.

"என்னம்மா, நம்ம கையில இருந்த செய்தியாமே?"

"ஆமா சார். அசந்துட்டேன்."

"அசர்ற நேரமா இது? வெண்ணெய் மாதிரி வந்த செய்தி. தூக்கிக் குடுத்துட்டீங்களே!"

அக்கா எல்லோர் முன்னாலும் நின்று வாங்கிக்கொண்டார். துணை ஆசிரியருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அதற்குள் அணை இருந்த நாட்டில் ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். இனி மூடி மறைக்க முடியாது என்றானதும் அதிகாரிகள் அபாயச் சங்கு ஊதினார்கள். பஸ், லாரி, டிராக்டர் என்று கிடைத்த வண்டியில் எல்லாம் ஆட்களை ஏற்றி, அணைக்குக் கீழே இருந்த ஊர்களைக் காலி செய்தார்கள்.

சாயங்காலம் அணை உடைந்தது. தண்ணீர் புகுந்தது ஆளில்லாத வீடுகளில்தான். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அந்தச் செய்தியை ஏற்றிக்கொண்டிருந்தபோது துணை ஆசிரியரின் போன் அடித்தது. குருவி!

"டேய், எங்க இருக்கே? சாப்பிட்டியா?"

"எல்லை தாண்டிட்டேன்ணே. இப்பதான் மூச்சே வருது. அக்கா போனை எடுக்கலை, அதான் உங்களைக் கூப்பிட்டேன். ஜனங்க எல்லாம் தப்பிச்சிட்டாங்க, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்டா. ஆனா உனக்குத்தான் அநியாயம் நடந்துபோச்சு. நீ சொன்னதை அக்கா அழிக்கச் சொல்லிட்டாங்க. போட்டிக்காரன் முந்திட்டான்."

மறுமுனையில் சிரிப்பு.

"அக்கா உங்ககிட்டயும் சொல்லலையா?"

"எதை?"

"நம்ம தளத்துல வந்தா யார் வேலைன்னு யோசிக்கவே வேண்டாம், நம்ம ஆளு அங்க நான் ஒருத்தன்தானே. அந்த அதிகாரிங்க நேரா என் ரூமுக்கு வந்து அள்ளிட்டுப் போயிருப்பாங்க. சரி, நான் வெளிய வந்தப்புறம் போடலாம்னா, அதுவரைக்கும் அணை தாங்குமா?"

துணை ஆசிரியர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அக்கா தன் மேஜையில் யாருடைய கட்டுரையிலோ பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

"அதனால?"

"அதனால என் படத்தையும் செய்தியையும் போட்டித் தளத்துக்காரங்களுக்குக் கொடுத்து, என் பேரைப் போடாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டதே நம்ம அக்காதான்ணே!"